அவரிடம் மிஞ்சிய ஒரு சொல்

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், மறதியும் அதிகம். பாரிசவாதக்காரரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கணவர் முள்ளியவளைப் பக்கத்துக் கோயில்களுக்குக் காவடிப் பாட்டுக் கட்டி மெட்டுப் போட்டவர். ஒருநாள் காலை தேத்தண்ணிக் கோப்பை அவர் வலக்கையிலிருந்து நழுவியது. ஏனென்று கேட்டேன், வாய் கோணியது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள் ஆசுபத்திரியில்.

வீடு திரும்பியபோது அவரிடம் ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது: ஓம். ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம்.

இதை அபேசியா (மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பு) என்பார்களாம். பேச்சுப் பயிற்சி தந்த டொக்டர் சொன்னார்: "வேண்டாமெண்டு நினைச்சாலும் வாயிலை ஓம்தான் வரும் அம்மா. அதை நம்பாதேங்கோ. இடக்கையைப் பாருங்கோ."

பிறகு கொழும்பிலிருந்து பாட்டு வெளியிடும் கொம்பனிக்காரர் ஒருவர் வந்தார். கூட்டிவந்தவர் எங்கள் மருமகன். வெளி ஆட்கள் முன் கதைக்க எனக்குக் கூச்சம். குசினி வாசலில் நின்றேன். வந்தவர் பதிவை அமுக்கித் தொலைபேசியை என் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஐயா, உங்கட பாட்டெல்லாம் இனி எங்கட கொம்பனிக்குத்தானே?"

"ஓம்."

"வேற பேர் போட்டு வெளியிட்டாலும் சம்மதமோ?"

"ஓம்."

"பாத்தீங்களோ மாமி, மாமாவுக்கு முழுச் சம்மதம்" என்றார் மருமகன்.

எப்படி வெளியே வந்து அவரிடம் கேட்டேனோ தெரியாது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குக் கலியாணமே நடக்கேல்லை, என்ன?"

"ஓம்."

"அப்ப நான் பக்கத்து வீட்டுக்காரியோ?"

"ஓம்."

மருமகன் சிரித்துவிட்டார். வந்தவர் சிரிக்கவுமில்லை, ஆச்சரியப்படவுமில்லை. இந்த வருத்தம் வந்தவர்கள் எதற்கும் ஓம் என்பார்கள் என்று அவருக்கு முன்பே யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார் என்று மருமகனிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.

"பாட்டுகளைக் குடுக்கட்டோ?" என்று கேட்டேன். வாய் ஓம் என்றது. இடக்கை மெல்ல எழுந்து தொலைபேசியைத் தள்ளியது.

"அழிச்சுவிடுங்கோ தம்பி."

"பிறகு பாப்பம் அம்மா" என்று வந்தவர் அதைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது சோறு போதுமா என்று கேட்டாலும் கை அசையும்வரை காத்திருக்கிறேன். ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் இடையில் நேரம் நீண்டு கிடக்கிறது. முன்பெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தே எல்லாம் அறிந்துகொள்வேன். இப்போது அவர் முழுவதும் அந்தக் கைக்குள் போய்விட்டார்.

டொக்டர் சொன்னதைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று தெரிந்தவர்கள் பாருங்கள். அப்படிப் பிடித்த ஓம் சட்டத்தில் செல்லுமா என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள். அது இன்னும் அந்தத் தொலைபேசியில் இருக்கிறது.