பாத்தியில் விழுந்த கொத்து

என் லீக்ஸ் பாத்தியில் யாரோ களை பிடுங்கியிருந்தார்கள். நான் பிடுங்கவில்லை. என் கணவர் நிச்சயமாகப் பிடுங்கியிருக்க மாட்டார். புல்லுக்கும் லீக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கோ பயமாக இருந்தது.

கந்தப்பளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருக்கும் காய்கறி நிலத்துக்கு யாரிடமும் உறுதிப் பத்திரம் கிடையாது. யார் கொத்துகிறார்களோ அவர்களுடையது. ஒரு போகம் இன்னொருவர் கொத்திவிட்டால், அதற்குப் பிறகு எல்லோரும் அதை அவர் பாத்தி என்றுதான் சொல்வார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி வந்தபோது, ஒத்தாசைக்கென்று இறங்கி அவர் பாத்தியை நான் பிடித்ததும் இப்படித்தான். எனக்குத் தெரியாதா இந்த வித்தை?

அப்போது எனக்கு மூச்சுவிட நேரமில்லை. காலையில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, பின்னேரம் டியூஷன், அதற்கு மேல் பாத்தி. வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டத்தின் கடைசிப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தின தடவை அதில் கோட்டை விட்டிருந்தேன். இந்தத் தடவையும் விட்டால் படிப்பையே மூட்டை கட்ட வேண்டியதுதான். புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகியது. ஆனாலும் எதையும் கைவிட மனம் வரவில்லை.

சந்தேகம் முழுவதும் கணவரின் தம்பி மனைவி மேல்தான். பக்கத்து வீடு. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவள், அந்த வாரம் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். “நீங்க படிங்கக்கா” என்று என் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். போகிற போக்கில், “பாத்தியையும் நான் பாத்துக்கிறேனே” என்றாள்.

வந்துவிட்டதா விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரொட்டியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்னால் போனால், அவள் மண்வெட்டியோடு என் பாத்தியில் நிற்கிறாள். லீக்ஸ் வரிசைகளுக்கு நடுவே பாதி கொத்தியாகிவிட்டது.

“யாரக் கேட்டுக் கொத்துற?”

“கேட்டா குடுப்பீங்களாக்கா?”

“அப்ப ரொட்டி, சம்பல் எல்லாம் இதுக்குத்தானா?”

அவள் மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். “ஆமாக்கா, பாத்தி வேணுந்தான். நாளெல்லாம் தோட்டத்துக்குப் பறிக்கிறேன், எனக்குன்னு கொத்த ஒரு அடி மண்ணு இல்ல. நீங்க பாஸ் பண்ணுனா டவுனுக்குப் போயிருவீங்க. அது வரைக்கும் இதையும் புடிச்சிக்கிட்டே இருக்கணுமா? ஆனா நீங்க பாஸ் பண்ணணும்னு நெனக்கிறதும் நெசந்தான்.”

டவுனுக்குப் போகும் எண்ணத்தை நான் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அவளை நான் நோட்டம் விட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் அவளும் என்னை நோட்டம் விட்டிருக்கிறாள். கோபம் வந்தது. ஆனாலும் மண்வெட்டியைப் பிடுங்கவில்லை.

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். பின்பக்கம் அவள் கொத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் பாத்தி கொஞ்சம் கொஞ்சமாக அவளுடையதாகிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் ஒரு பாடம் முழுவதும் முடித்துவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு படித்தது அப்படியே மனதில் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.