ஐந்தாவது கரடி

பலேர்மோவின் கபோ சந்தையில் மீன்கடைக்கு இருபது அடி தள்ளி நின்று பீலிக்ஸ் அண்ணன் முதலில் காற்றைப் பார்ப்பார். கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். பிறகு ஒரு வெறும் மரப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கால் மணி நேரம் மீனையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. "அவசரப்படக்கூடாது தம்பி. அது எங்களைக் காண முந்தி நாங்கள் அதைக் காணவேணும்" என்றார் என்னிடம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது செத்த சூரை மீன்.

இது அலாஸ்காவில் ஒட்டிக்கொண்ட பழக்கம். இலங்கையின் பேசாலையில் பிறந்து, இத்தாலியின் பலேர்மோவில் வீட்டு வேலை பார்க்கும் ஐம்பத்தொன்பது வயது மனிதருக்கு அலாஸ்காவில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவருடைய முதலாளி எண்பத்தொரு வயது ஓய்வுபெற்ற வக்கீல். மனைவியை இழந்தவர். வியா மக்வேதா தெருவில் மூன்றாம் மாடியில் வீடு. ஊரே அவரை 'அவொக்காத்தோ', அதாவது வக்கீல், என்றுதான் அழைக்கிறது. குளிர்கால உறக்கம் கலைந்து பழுப்புக் கரடிகள் பனிச்சரிவுகளில் இறங்கும் மே மாதத்தில், இந்த அவொக்காத்தோ குட்டி விமானம் ஏறி, மனித வாடையே இல்லாத ஓர் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுப் பத்து நாள் காத்திருப்பார்.

வெளிநாட்டுக்காரர் அங்கே வழிகாட்டி இல்லாமல் கரடி சுட முடியாது. வழிகாட்டிக்கு இத்தாலியன் தெரியாது. அவொக்காத்தோவுக்கு ஆங்கிலம் தெரியாது. கொழும்பு ஹோட்டல் ஒன்றில் ஆங்கிலம் படித்த பீலிக்ஸ் அண்ணன் இருவருக்கும் நடுவில். சப்பாத்துக் கயிறு கட்டுவதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவரே. கரடியைப் பற்றி அவருடைய கருத்து சுருக்கமானது. "தூரத்திலை பாத்தா வைக்கல் கட்டு. கிட்டப் பாத்தா... கிட்டப் போய்ப் பாக்கத் தேவையில்லை."

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவொக்காத்தோ மிலானோவில் இருக்கும் மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். ஒரு பெரிய ஆண் கரடி விழுந்துவிட்டால் துப்பாக்கியை வைத்துவிட்டு, வீட்டையும் பூட்டிவிட்டு, அவள் சொல்லும் முதியோர் இல்லத்துக்கு வந்துவிடுவதாக. மகள் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டாள். அவளும் வக்கீல்.

பீலிக்ஸ் அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். "இந்த வயசிலை என்னை ஆர் தம்பி வேலைக்கு எடுப்பினம்? சரி, அதை விடுங்கோ. மனுசன் அங்கை போனா ஒரு மாசம் தாங்காது. உப்பு எங்கை இருக்கெண்டும் தெரியாது."

அந்த வசந்தத்தில் முதல் கரடி வந்தது. "நல்ல ஆண், சுடச் சொல்" என்று வழிகாட்டி கிசுகிசுத்தான். பீலிக்ஸ் அண்ணன் திரும்பி, "பெண்ணாம், அவொக்காத்தோ. பின்னால் குட்டி வருதாம். சுட்டால் குற்றமாம்" என்று இத்தாலியனில் மொழிபெயர்த்தார். கிழவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். வழிகாட்டிக்கு, "முழங்கால் பிடித்துவிட்டதாம்" என்ற பதில் போனது. வழிகாட்டி இடையில் கட்டைவிரலை உயர்த்தியது ஏன் என்று அவொக்காத்தோ கேட்டார். அலாஸ்காவில் 'வேண்டாம்' என்பதற்கு அதுதான் அடையாளம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. நாற்பது வருடம் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த மனிதர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். நான்கு வசந்தங்களில் நான்கு கரடிகள் வந்தன. நான்கும் பெண்.

இந்தத் தவக்காலத்தில் மனைவி கிளறா பீலிக்ஸ் அண்ணனைப் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துப் போனார். நடந்ததை அண்ணனே என்னிடம் சொன்னார்.

"எத்தினை தரம் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டாராம் தமிழ்ப் பாதர்.

"நாலு கரடி, பாதர்."

பாதர் சிரிக்கவில்லை. "இனி வழிகாட்டி சொன்னதைச் சொன்னபடி சொல்லவேணும். அந்த மனுசனுக்கு உங்கடை வாயை விட்டா வேறை காது இல்லை" என்றார். அதற்குச் சம்மதித்த பிறகே மன்னிப்புக் கிடைத்தது. சம்மதித்த நாளிலிருந்து பீலிக்ஸ் அண்ணன் சரியாகத் தூங்கவில்லை. கரடி ஏதும் வராமல் இருக்க வேண்டுமென்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

கரடி வந்தது. இந்த மே, எட்டாம் நாள், தூறல் மழை. ஓடைக்கு அந்தப் பக்கம் இறங்கி நின்றது. இதைவிடப் பெரிய ஆணைத் தன் வாழ்க்கையில் மூன்று முறைதான் கண்டதாக வழிகாட்டி சொன்னான்.

"தம்பி, கண்ணாலை தண்ணி ஓடுது. மாதாவே எண்டுபோட்டுச் சொன்னன். ஆண், அவொக்காத்தோ. சுடட்டாம்."

கிழவர் துப்பாக்கியைத் தோளில் வைத்தவர் அப்படியே இருந்தார். "நிச்சயமா?" என்று மட்டும் கேட்டார்.

"நிச்சயம்."

கரடி புல்லை மேய்ந்துகொண்டு நின்றது. ஏன் இன்னும் சுடவில்லை என்று வழிகாட்டி கேட்டான். அதையும் பீலிக்ஸ் அண்ணன் கேட்டபடியே மொழிபெயர்த்தார். "எனக்கு இதுவும் பெண்ணாகத்தான் தெரிகிறது" என்று அவொக்காத்தோ துப்பாக்கியை மடியில் இறக்கினார். தோட்டாவைக் கழற்றி, பீலிக்ஸ் அண்ணனின் மழைக்கோட்டுப் பைக்குள் போட்டு, விறைத்த விரல்களால் மெதுவாக அதன் பொத்தானையும் பூட்டிவிட்டார்.