அவளுக்கு மட்டும் நல்ல புத்தகம்

இது போன மழைக்காலத்துல, பெருமாநல்லூர் பக்கம் எங்க ஊர் லைப்ரரியில நடந்ததுங்க. இப்ப நெனச்சாலும் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறேன். தச்சு வர்ற பீஸை விரிச்சுப் போட்டு ஓட்டை இருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா, தையல் விட்டிருக்கான்னு பாத்து நல்லதைத் தனியா, டேமேஜைத் தனியாப் பிரிக்கிற வேலை. ஞாயித்துக்கிழமைதான் லீவு. அன்னிக்குக் கறிக்கொழம்பு வெச்சு இறக்கிப்போட்டு நேரா லைப்ரரிக்குப் போயிருவேன்.

காரணம், அங்க இருக்கற மேடம். எனக்குன்னு ஒரு புத்தகத்தை எடுத்து வெச்சிருந்து, "இதைப் படிச்சுப் பாருங்க"ன்னு குடுப்பாங்க. திருப்பிக் குடுக்கப் போனா, "எப்புடிங்க இருந்துச்சு?"ன்னு கேட்டு, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வேற பக்கம் திரும்ப மாட்டாங்க. எங்கூட்டுல டிவி எங்க வெக்கறதுன்னுகூட என்னையக் கேட்டதில்லைங்க. உனக்கு என்ன தோணுதுன்னு என்னையக் கேட்ட ஒரே ஆளு அந்த மேடம்தான். அதனால அவங்க எனக்கு மட்டுமே சொந்தம்ங்கற மாதிரி ஒரு நெனப்பு வந்துருச்சு.

அப்பத்தான் அவ வந்து சேந்தா. பக்கத்துக் கம்பெனியில ஓவர்லாக் டைலர், தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு. வந்து ரெண்டு மாசம் ஆகலை, மேடம் அவளுக்கும் புத்தகம் எடுத்து வெக்க ஆரம்பிச்சுட்டாங்க. சரி, போச்சாது, போகட்டும்னு விட்டா, அவ ஒவ்வொரு வாரமும் பைக்குள்ள இருந்து புத்தகத்தை எடுக்கறப்பவே, "மேடம், அருமையா இருந்துச்சு!"ம்பா. ஒரு தடவையாச்சும் நல்லா இல்லைன்னு அவ வாயில வந்ததே இல்லை.

எனக்கு வாச்சதைக் கேளுங்க. ஒரு புத்தகம் நாலு பக்கம் தாண்டறதுக்குள்ள கொட்டாவி வந்துருச்சு. இன்னொண்ணுல கதாநாயகி மொத அத்தியாயத்துல இருந்து அழுவறா, எதுக்கு அழுவறான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. எப்பவோ ஒண்ணுதான் தேறும். நேத்து வந்தவளுக்கு நல்ல பீஸு, இத்தனை வருசமா வர்றவளுக்கு டேமேஜா? வயிறு எரிஞ்சுதுங்க. சக்களத்தி வந்திருந்தாக்கூட அப்புடி எரிஞ்சிருக்காது.

மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு ஊட்டுக்கு வந்தா, எங்கூட்டுக்காரர் சும்மா இருந்தாரா? "ஏன், உங்க மேடம் உன்னையத் தள்ளி வெச்சுட்டாங்களா?"ன்னு சிரிச்சார். அன்னிக்கு அவருக்குக் கொழம்புல வெறும் எலும்புதான் போட்டேன்.

அடுத்த வாரம் மழை சல்லுசல்லுன்னு பேஞ்சுட்டு இருந்துச்சு. நனைஞ்சுக்கிட்டே உள்ள போறேன், அவ எனக்கு முன்னால நிக்கறா. மேடம் மேசைக்கு அடியில இருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவ கையில குடுக்கறாங்க. அட்டையப் பாத்ததும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. காணாமப் போன எருமையத் தேடி ஒருத்தி ஊர் ஊரா அலையற கதைங்க அது. முந்தின மாசம் அதைப் படிச்சு அழுதுபோட்டு, மேடம்கிட்ட அரை மணி நேரம் அதைப் பத்தியே பேசியிருந்தேன். அது என்ற புத்தகம். அதையும் அவளுக்கே தூக்கிக் குடுத்தா?

பையில இருந்த லைப்ரரி கார்டை எடுத்து மேசை மேல வெச்சேன்.

"இந்தாங்க மேடம். இனி நான் வரலைங்க. நேத்து வந்தவங்களுக்கு நல்லதாப் பாத்துப் பாத்துக் குடுக்கறீங்க. எனக்குன்னா கழிச்சுக் கட்டறதைக் குடுக்கறீங்க."

பேப்பர் படிச்சுட்டு இருந்தவங்க எல்லாம் நிமிந்து பாக்கறாங்க. மேடம் பதறிப் போயிட்டாங்க.

"ஏனுங்க, என்ன பேச்சுங்க இது? புதுசா வர்றதெல்லாம் நானே படிக்க முடியுமாங்க? மொதல்ல உங்க கையிலதான் குடுக்கறேன். நீங்க நல்லாயிருக்குன்னு சொன்னதை மட்டும்தான் இவங்களுக்கு எடுத்து வெக்கறேன்."

அந்தப் பொண்ணு என்னைய உத்து உத்துப் பாத்தா.

"ஏக்கா, செக்கிங் அக்கா நீங்கதானா?"

"என்ன செக்கிங் அக்கா?"

"'இது செக்கிங் அக்கா பாஸ் பண்ணுன புக்கு'ன்னு சொல்லித்தான் மேடம் எனக்குக் குடுப்பாவ. எனக்கு உங்க மேல அம்புட்டுப் பொறாமக்கா! எனக்கும் ஒரு புதுப் புக்கைக் குடுத்து, எப்படி இருக்குன்னு கேக்க மாட்டாவளான்னு ஏங்கிக் கெடக்கேன்."

தெனமும் அடுத்தவங்க தச்சதுல குத்தம் கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்கறவ நான். என்னைய நம்பி மேடமும் அதே வேலையக் குடுத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியலை பாருங்க. மேடம் கார்டை என்ற பக்கமாத் தள்ளினாங்க. நானும் எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் வந்த புதுப் புத்தகக் கட்டைப் பிரிச்சப்ப, மேடம் ஒரு புத்தகத்தை அந்தப் பொண்ணுக்குத்தான் மொதல்ல குடுத்தாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வாசல்லயே என்னையப் புடிச்சு, "சுத்த மோசம்க்கா! பாதிக்கு மேல போவவே இல்ல!"ன்னு அவ சொன்னப்ப மூஞ்சியில எத்தனை சந்தோசம்ங்கறீங்க! மேடம்கிட்டப் போயி, எங்க போரடிச்சுதுன்னு பக்கத்தைப் பிரிச்சுக் காட்டிச் சொல்லிக்கிட்டு இருந்தா. மேடமும் கன்னத்துல கை வெச்சுக் கேட்டுட்டு இருந்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குனுச்சு.

பொறாமை போயிருச்சான்னு கேட்டா, எங்கீங்க போவுது? நல்ல புத்தகம் அவளுக்குப் போவுதேன்னு அன்னிக்கு வயிறு எரிஞ்சவ, இன்னிக்கு மோசமான புத்தகம் எனக்கு வராம அவளுக்குப் போயிருச்சேன்னு எரிஞ்சுட்டு இருக்கேன்.