ஏழாவது வெடி

கிணறு வெட்டும் கூட்டத்துக்குத் தவசிதான் தலைவர். நாகலாபுரம் வட்டாரத்தில் கரிசலுக்கு அடியில் பாறை எந்த ஆழத்தில் வரும், எங்கே குழி போட்டால் எவ்வளவு பிளக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனாலேயோ என்னவோ, யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

2003 கோடையில் அய்யாத்துரையின் வறண்ட கிணற்றை ஆழப்படுத்த இறங்கினார்கள். அன்று பாறையில் ஏழு குழி. ஏழிலும் வெடிமருந்து கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு, வெடி வைக்கும் பையன் சீனி கிரேனில் மேலே வந்தான். எல்லோரும் தூரப்போய் ஒதுங்கினார்கள். வெடித்தபோது தவசி, "தண்ணி எப்பதான் வரும்?" என்று நச்சரித்த அய்யாத்துரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சத்தத்தை எண்ணவில்லை.

புகை அடங்கியதும் கேட்டார். "எல்லாம் வெடிச்சிட்டுல்லா?"

"ஆமா அண்ணாச்சி" என்றார்கள்.

கல் சுமக்கும் வெயிலம்மாள் மட்டும் இழுத்தாள். "எனக்கு ஆறுதான் கேட்டாப்ல இருக்கு அண்ணாச்சி..."

"ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும். உனக்கு என்னட்டி தெரியும்? சட்டிய எடு."

யாரோ சிரித்தார்கள். அவள் சட்டியை எடுத்துக்கொண்டாள். வழக்கம்போல் சீனி முதலில் இறங்கி, பாறை இடுக்கில் கடப்பாரையைக் குத்தினான். மிச்சமிருந்த குழி வெடித்தது.

உயிர் தப்பியது. இரண்டு கண்ணும் போயிற்று. அவனுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் தவசி கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். பதினோராம் நாள்தான் வாய் வந்தது.

"ஏலே சீனி, அன்னைக்கு உனக்கு எத்தனை கேட்டுச்சு?"

கட்டுப் போட்ட முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. "ஆறு."

"பெறகு ஏம்ல ஆமான்னு சொன்ன?"

"நீங்க எத்தனைன்னா கேட்டிய? எல்லாம் வெடிச்சிட்டுல்லான்னுதான கேட்டிய. அதுக்கு வேற என்னத்தச் சொல்ல? வெயிலு மயினி வாயத் தொறந்துச்சு. அதுக்குக் கெடச்சதையும் பாத்தேன்லா."

தவசியால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு வெடிக்கும் ஆளாளாகத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அவர்களோ அவர் முகத்தைப் பார்த்து, எந்த எண் அவருக்குப் பிடிக்கும் என்று ஊகித்து, அதையே சொன்னார்கள். எத்தனை கெஞ்சினாலும் அது மாறவில்லை. ஒருமுறை வேண்டுமென்றே தப்பான எண்ணைச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் தலையாட்டினார்கள்.

வேலைக்கு வராமல் நின்றுவிட்ட வெயிலம்மாளைத் தேடி வீட்டுக்குப் போனார். "உன் பேச்ச அன்னைக்குக் கேட்டிருக்கணும் தாயி. தப்பு எம்மேலதான். நீ வந்தாத்தான் எனக்குத் தைரியம்."

அவள் வாசலைப் பெருக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வாரேன் அண்ணாச்சி, வயித்துக்கு வேணும்லா. கல்லு சொமக்கேன். ஆனா எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீய."

வந்தாள். தவசி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வெடிக்குக் குழி எட்டு. மற்றவர்களைத் தனித்தனியே கேட்டும் எல்லோரும் எட்டு என்றே சொன்னார்கள். அந்த எண்ணை நம்பி யாரையும் இறக்க மனமில்லாமல், கடப்பாரையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாய்க் கிணற்றுக்குள் இறங்க அவரே கிரேனில் ஏறினார்.