என் மகளுக்கு இருந்தது திமிர் அல்ல

அன்பான அடியார்களே, காஞ்சி வரதராஜப் பெருமாள் எனக்குச் செய்த உதவியை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். பெற்ற பிள்ளையைத் தப்பாக அடித்தவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. சின்ன காஞ்சிபுரத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் பத்மாவுக்கு ஏழு வயது. திடீரென்று சொன்ன பேச்சு கேட்காதவள் ஆனாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் அப்படியே நிற்பாள். திட்டினால், “எப்பம்மா சொன்ன? நீ சொல்லவே இல்ல” என்பாள்.

“திமிர் புடிச்ச பொண்ணுமா, கண்டிச்சி வைங்க” என்றார் டீச்சர். தையல் ஸ்கேலால் அடித்தேன். அழுதுகொண்டே, “நெஜமா சொல்லலம்மா” என்றாள். டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, “காது நல்லா இருக்குது, செல்லம் ஜாஸ்தி” என்றார். காற்று கருப்பு என்றார்கள் அக்கம்பக்கத்தில். என் பிள்ளைக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று தனியாக நடுங்கினேன்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம். காய் வாங்க அவள் கையை விட்டேன். ரோட்டைத் தாண்டப் போனவள் நடுவில் நின்றுவிட்டாள். பஸ் ஹாரன் அலறியது. அசையவில்லை. ஒரு முழம் தள்ளி பஸ் நின்றது. ஓடிப்போய் இழுத்தேன். “என்னாச்சும்மா?” என்று என்னையே கேட்டாள். முகத்தில் துளி பயமில்லை.

அவளையும் கூட்டிக்கொண்டு நேராக வரதர் சன்னிதிக்குப் போனேன். “குணமாக்குன்னுகூட கேக்கல சாமி. இவளுக்கு என்னன்னு மட்டும் காட்டு.”

படி இறங்கும்போது மறுபடியும் நின்றாள். கூப்பிட்டேன். பதிலில்லை. பாவி, அப்போதும் கையை ஓங்கினேன். பின்னால் வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்தார்.

“அடிக்காதீங்கமா. நான் மெட்ராஸ்ல நர்ஸு. அவ கண்ணப் பாருங்க, இமை துடிக்குது. இது அடங்காத்தனம் இல்ல, நெனவு தப்புது.”

எந்த மாதிரி டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு போய்ப் பார்த்த சென்னை டாக்டரம்மா ஒரு காகிதத் துண்டை நீட்டி, பத்மாவை விடாமல் ஊதச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஊதுவது நின்றது. கண் நிலைத்தது. டாக்டரம்மா அவள் காதருகில், “யானை” என்றார். சில நொடிகளில் மறுபடி ஊதத் தொடங்கினாள்.

“நான் என்ன சொன்னேன் கண்ணு?”

“நீங்க ஒண்ணும் சொல்லலியே.”

அந்தப் பதிலுக்குத்தானே நான் அடித்தேன்! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வலிப்பில் இதுவும் ஒரு வகையாம். விடாமல் ஊதி மூச்சு வாங்கினால் அது வெளியே தெரிந்துவிடுமாம். மூளைப் பரிசோதனையும் அதையே சொன்னது. மாத்திரையில் மெல்ல மெல்லக் குறைந்தது. சில வருஷம் கழித்து டாக்டரே மருந்தை நிறுத்தினார்.

பயம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பத்மா பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தால் இன்றும் ஓடிப்போய் அவள் கண்ணைத்தான் பார்ப்பேன். “இருக்கேம்மா” என்று சிரிப்பாள். அன்றைக்குப் பிறகு எந்தப் பிள்ளை மேலும் நான் கை வைத்ததில்லை.

உங்கள் பிள்ளையும் புரியாத புதிராக இருந்தால் ஒரு டாக்டரோடு நிறுத்தாதீர்கள். பெருமாளிடம் உண்மையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டுவார். அதுவரை, அந்தப் பிள்ளை சொல்வதைக் கொஞ்சம் நம்புங்கள்.