தம்பிக்குக் கொடுக்கப் போன நாள்

கொரோனா ஓய்ந்து, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் மறுபடியும் வரிசை கட்டி நிற்க ஆரம்பித்த வருடம் அது. நாங்கள் திருவொற்றியூரில் குடியிருந்தோம், இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். அந்த வரிசையில் நின்ற டிரெய்லர் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவன் என் தம்பி.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவனுக்குச் செருப்புக்குள் கால் நுழையவில்லை. அவ்வளவு வீக்கம். முகமும் உப்பியிருந்தது. அதற்கு முன்பே சாப்பாடு பிடிக்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவன், பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் உறிஞ்சிக்கொண்டு திரிந்திருக்கிறான். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டது என்றார்கள்.

லாரிக்குள்ளேயே கிடந்து மூத்திரத்தை அடக்கினால் இப்படித்தான் ஆகும் என்று தெருவே பேசியது. டாக்டர் வேறு காரணம் சொன்னார். சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற குழாய், மூத்திரப் பையில் சேருகிற இடத்தில் இவனுக்குப் பிறவியிலேயே சரியாக அமையவில்லையாம். கீழே இறங்க வேண்டிய நீர் மேலேயே திரும்பி ஏறி, கிருமி தொற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகத்தை அரித்திருக்கிறது. "சின்ன வயசுல அடிக்கடி குளிர் ஜுரம் வருமா?" என்று அவர் கேட்டபோது, அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வந்தது. மாதம் தவறாமல் வந்தது. ஜுரத்துக்கு மருந்து கொடுத்தோம். அது ஏன் வருகிறது என்று எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ். அதற்காக அவன் இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் பூனை உறுமுவது போல அதிரும். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார்கள். அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை. அவன் மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. மிச்சம் நான்தான். என் வீட்டுக்காரர், "நமக்கும் புள்ளைங்க கீதுங்க, யோசிச்சு பாரு" என்று சொல்லிவிட்டு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே வந்து, சரி என்றார். தம்பிதான் கடைசிவரை பிடிவாதம் பிடித்தான்.

"நீ வோணாங்க்கா. எனக்கு எதுனா ஆனா ஆவட்டும்."

"மூடிக்கினு கெட. உன் புள்ளைய யாரு பாத்துப்பா?"

அவனுக்கு நாலு வயதில் ஒரு மகள். அவள் பேச்சை எடுத்ததும் அடங்கிவிட்டான். அன்றிலிருந்து அவன் ஆளே மாறிவிட்டான். ஆபரேஷன் முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடிப்பேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. அடுத்தது எனக்கு வயிற்று ஸ்கேன். வழவழவென்று ஏதோ தடவி, கருவியை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, இடது பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்தினார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். மறுபடியும், மறுபடியும்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்காம்மா? கிட்னி எடுத்திருக்காங்களா?"

இல்லை என்றேன். அவர் வெளியே போய் இன்னொரு டாக்டரை அழைத்து வந்தார். பிறகு சி.டி. ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். எனக்கு இடது பக்கம் சிறுநீரகமே இல்லை. கருவிலேயே உருவாகவில்லை. வலது பக்கம் இருப்பது சற்றுப் பெரிதாக வளர்ந்து, இரண்டின் வேலையையும் ஒன்றே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அப்போதும் எத்தனையோ ஸ்கேன் எடுத்தார்கள். எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாரும் பார்க்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் தம்பி காத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னாக்கா, எல்லாம் ஓகே தானே?"

"எனக்கு ஒண்ணுதான்டா கீது."

"இன்னா ஒண்ணு?"

"கிட்னி. பொறக்கும்போதே ஒண்ணுதானாம்."

திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். "அந்த ஒண்ணையும் புடுங்கி எனக்கே குடுத்துருவ நீ, சொல்ல முடியாது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது ரயிலில் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். ராயபுரம் தாண்டிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "உனக்கு ஒண்ணும் ஆவாதேக்கா?"

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நொடி நிம்மதி வந்துபோனது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த முகத்தை வெகுநாள் என்னால் பார்க்க முடியவில்லை.

இப்படிப்பட்ட குறைகள் ஒரே ரத்தத்தில் தொடர்ந்து வரலாம், பிள்ளைகளைப் பரிசோதியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. தம்பி மகளுக்கு இருந்தது. அப்பனுக்கு இருந்த அதே கோளாறு, நீர் மேலே திரும்பி ஏறுகிற அதே பின்னோட்டம். "நான் அவளுக்கு சேத்து வெச்சது இதானா?" என்று கேட்டான். இறந்தவர்களிடமிருந்து பெறுகிற உறுப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். ஃபோன் மணி அடிக்கும்போதெல்லாம் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம். அந்த அழைப்பு வரவே இல்லை. ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது அவன் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில்தான் உயிர் போனது. அப்பாவைப் புதைத்த மூலக்கொத்தளம் இடுகாட்டிலேயே அவனையும் வைத்துவிட்டு வந்தோம்.

அவன் மகளுக்கு, குழாயைச் சரியான இடத்தில் பொருத்தி ஆபரேஷன் செய்துவிட்டார்கள். சிறுநீரகம் அதிகம் கெடுவதற்குள் கண்டுபிடித்துவிட்டோம் என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். அவள் பள்ளிக்கூடம் போகிறாள், ஓடுகிறாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க அவளுடைய அப்பனைக் கொடுக்க வேண்டியிருந்ததே என்று நினைக்கும்போது அந்தச் சந்தோஷம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அக்கம்பக்கத்தில் எந்தக் குழந்தைக்காவது காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப ஜுரம் வந்தால், மூத்திரத்தையும் பரிசோதிக்கச் சொல்லி நச்சரிக்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள்.

உனக்காக உயிரையே கொடுப்பேன் என்று யாராவது யாரிடமாவது சொல்வது காதில் விழுந்தால் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறேன். கொடுக்க மனசு இருந்தால் போதும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.