கிழித்தெடுத்த ஏழாம் பக்கம்

மருத்துவிச்சி அம்மாவின் சுட்டுவிரல் ஏழாம் பக்கத்தின் நாலாவது வரியில் போய் நின்றது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. விரலில் சவர்க்கார ஈரம் காயவில்லை. விடியற்காலையில் போன பிரசவமொன்றை முடித்துவிட்டு மத்தியானம் வந்து கை கழுவிக்கொண்டிருந்தவரிடம்தான் எங்கள் சங்கத்தின் முதலாவது அச்சிட்ட ஆண்டறிக்கையை நீட்டியிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்துமூன்று வயது. தெல்லிப்பழைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியர், சங்கத்துக்குத் துணைக் காரியதரிசி, அதற்கு மேல் ஊரிலேயே அழகான கையெழுத்து என்னுடையதுதான் என்ற தலைக்கனமும் இருந்தது. முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஏழெட்டுப் பேர் கூடி, இல்லாத வீடுகளுக்கு அரிசியும் சீலையும், படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகமும் கொடுத்து வந்தோம். எங்கள் ஊரிலிருந்து மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்கள்தான் பெரும்பாலும் உதவி அனுப்பினார்கள். கொண்டுபோய்க் கொடுப்பவர் மருத்துவிச்சி அம்மா. அவருடைய கறுப்புப் பையோடு எந்த வீட்டு வேலியின் பொட்டு வழியாக உள்ளே நுழைந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தப் பைக்குள் இரண்டு கொத்து அரிசி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? ஒருமுறை அறுபது வயதுத் தம்பதிகளின் வீட்டுக்கு மூன்று கிழமை தொடர்ந்து போய்விட்டார். அந்தக் கிழவர் சந்தைக்குப் போன இடமெல்லாம் பகிடி தாங்கமாட்டாமல் திரும்பி வந்தாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அது எந்த வீடு என்று எங்களுக்குக்கூடச் சொன்னதில்லை. எல்லாம் அவர் மனதில்தான் இருந்தது. எழுதி வைத்தால்தான் ஒழுங்கு என்று வற்புறுத்தி, ஒவ்வொரு வீடாகக் கேட்டு ஒரு கொப்பியில் பதிந்தவன் நான்.

எங்கள் ஊரில் கோயில் விளக்கிலிருந்து கிணற்றுக்கட்டு வரை உபயகாரரின் பெயர் வெட்டியிருக்கும். கொடுத்தவருக்குப் பெயர் வேண்டும், தான் கொடுத்தது எங்கே போனதென்றும் தெரியவேண்டும். மலாயாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்திருந்த எங்கள் தலைவர், இரண்டையும் அச்சடித்து அங்குள்ளவர்களுக்கு அனுப்ப ஆசைப்பட்டார். பெறுகிறவர்களின் பெயரைப் போடுவது முறையில்லை என்று எனக்கும் தெரியும். அதனால் ஒரு கெட்டித்தனம் செய்தேன். ஆட்களின் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, காணி உறுதிப் பத்திரங்களில் உள்ள காணிப் பெயர்களை எழுதினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மாவின் விரல் நின்ற வரியில் இருந்தது இதுதான்: கொய்யாவடி வளவு, மாதந்தோறும் அரிசி, மூத்த மகளுக்குப் பாடப்புத்தகங்கள்.

"வாத்தியார், உந்த வளவுக்குள்ளை எத்தினை வீடு இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்டு."

"அப்ப பேரை விட்டிட்டு என்னத்தை மறைச்சனீர்?"

மலாயாவில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று முனகினேன். "அவை பிறந்து விளையாடின வளவுகள். ஆக்களின்ரை பேரை மறந்தாலும் மறப்பினம், காணியின்ரை பேரை மறக்காயினம்" என்றார். காணிப் பெயரெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த, எங்கள் ஊரில் பிறந்த ஒருவன்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய முடியும்.

கொய்யாவடி வளவில் இருந்தவரை ஓவசியர் ஐயா என்று சொல்லுகிறேன். அவர் ஓவசியர் அல்லர், வளவின் பெயரும் அதுவல்ல. வேண்டுமென்றேதான் இரண்டையும் மாற்றியிருக்கிறேன். உத்தியோகம் போய் இரண்டு வருடமாகியும் வெளுத்த வேட்டியும் கைத்தடியுமாக நிமிர்ந்து நடப்பவர். மூத்த மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் சீனியர் வகுப்பு, வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை. உதவி வாங்குவது வெளியே ஒரு ஆளுக்குத் தெரிந்தாலும் அடுத்த நாளே அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லித்தான் அவர் முதல் அரிசியை வாங்கினார். தெரியவராது என்று வாக்குக் கொடுத்தவர் மருத்துவிச்சி அம்மா. அவளுடைய சீனியர் சோதனைக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. அன்று பின்னேரம் நாலு மணிக்குச் சங்கத்தின் மகாசபைக் கூட்டம். ஓவசியர் ஐயா ஒவ்வொரு வருடமும் முன்வரிசையில்தான் இருப்பார்.

மீதிப் பிரதிகள் யாழ்ப்பாணத்திலிருந்து பகல் ரயிலில் வருவதாக ஏற்பாடு. தலைவர் இரண்டு மணிக்கு ஸ்ரேசனுக்குப் போய் எடுப்பார். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அங்கே திருக்கல் வண்டி வைத்திருந்தவரிடம், "பிள்ளைப்பேறு, கெதியாய் மாட்டைப் பூட்டு" என்றார். அந்த மனிதர் சோற்றுக் கையோடு எழும்பி ஓடிவந்து பூட்டினார். ஒழுங்கை முழுக்க ஆட்கள் வேலியோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். எனக்குப் பயம் ஒரு பக்கம், ஆனால் சொல்லாமல் இருக்கமுடியாது, அப்படி ஒரு உற்சாகம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை. தூரத்தில் ரயில் கூவியது. மாடு பறந்தது. எங்கே போகவேண்டும் என்று வண்டிக்காரர் அப்போதுதான் கேட்டார்.

"ஸ்ரேசனுக்கு."

"ஸ்ரேசனிலையோ பிள்ளை பிறக்குது?"

"ஓம், நீ விடு" என்றார் அம்மா.

கட்டு என் பெயருக்கே வந்திருந்ததால் கையெழுத்து வைத்து வாங்கிவிட்டேன். சாமான் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த பலகை வாங்கில் உட்கார்ந்து இருவரும் கிழிக்கத் தொடங்கினோம். நூறு பிரதி. ஒவ்வொன்றிலும் ஏழாம் பக்கம். இருபது கிழித்திருப்பேன், அப்போதுதான் தாளின் மறுபுறம் கண்ணில் பட்டது. எட்டாம் பக்கம் முழுக்க நன்கொடையாளர்களின் பெயர்கள். தலைவரின் மைத்துனர், மலாயாக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். கீழே கடைசி வரியில் ஓவசியர் ஐயா, வாழைக்குலை ஒன்று. வாங்குகிறவர் என்று ஒருவரும் சந்தேகப்படாமல் இருக்க அவர் வருடா வருடம் ஒரு குலை கொண்டுவந்து கொடுப்பார்.

"அம்மா, பின்பக்கத்திலை குடுத்தவையின்ரை பேர்."

அவர் நிமிரவே இல்லை. "நீர் கிழியும்" என்றார்.

கிழித்த தாள்களும், கட்டோடு அச்சகத்திலிருந்து திரும்பி வந்த என் கையெழுத்துப் பிரதியும் அவருடைய பைக்குள் போயின. கட்டை மறுபடி கட்டி வைத்துவிட்டு நாங்கள் வெளியேறவும் தலைவரின் வண்டி வரவும் சரியாக இருந்தது.

நாலு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பிரதிகள் கைக்குக் கை போயின. எல்லாரும் முதலில் தேடியது தங்கள் பெயரைத்தான். ஆறுக்கு அடுத்தது ஒன்பது. சத்தம் கிளம்பியது. முதலில் எழுந்து நின்றவர் யாரென்று நினைக்கிறீர்கள்? ஓவசியர் ஐயா. "நான் குடுத்த குலைக்கு என்ரை பேர் எங்கை?" என்று கைத்தடியை நிலத்தில் குத்தினார். அவருக்கு உண்மையாகவே கோபம். நான் எழுந்து, ஒரு பிழை இருந்தது, தாளைக் கிழித்தவன் நான்தான் என்றேன். என்ன பிழை என்று கேட்டார் தலைவர். சொல்ல ஏலாது என்றேன். அவர் முகம் சிவந்து போனது. "ஏழாம் பக்கத்திலைதானே உதவி எடுத்த வளவுகளின்ரை பேர் கிடந்தது? நீர் எழுதின பிரதியைக் கொண்டுவந்து வாசியும், மாஸ்ரர்" என்றார்.

ஓவசியர் ஐயாவின் முகத்தை அப்போது பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் என்ன இருந்ததென்று அவ்வளவு நேரமும் அவருக்குத் தெரியாது. உட்கார்ந்திருக்கலாம், ஆனால் முழு மண்டபமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் உட்காரவில்லை. முன்னையிலும் உரத்த குரலில், "ஓம், வாசிக்கட்டும். ஆர் எடுத்தவை எண்டு எங்களுக்கும் தெரியவேணும்" என்றார். வாய் அப்படிச் சொல்ல, கண் வேறு சொன்னது. ஒரு மனிதர் அவ்வளவு கெஞ்சி நான் பிறகு ஒருநாளும் பார்த்ததில்லை. "வாசிக்கமாட்டன்" என்றேன். "பிரதி எங்கை?" என்று தலைவர் அதட்டினார்.

மருத்துவிச்சி அம்மா எழுந்து பையை மேசையில் வைத்தார். "உதுக்குள்ளை கிடக்கு. மருத்துவிச்சியின்ரை பையுக்குள்ளை கை வைக்கிற ஆம்பிளை ஆரும் இருந்தால் வரட்டும்" என்றார்.

பிள்ளைப்பேற்றுப் பையைத் தொடுவதா? தலைவர் தான் உட்கார்ந்திருந்த கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் தப்ப வழியில்லை. அரிசியையும் சீலையையும் விழுங்கியதை மறைக்கத்தான் தாளைக் கிழித்தேன் என்று பின்வரிசையில் கதை எழும்பியது. என்னைச் சங்கத்தால் விலக்கவேண்டும் என்று பிரேரித்தவர் ஓவசியர் ஐயா. கைகள் உயர்ந்தன. மருத்துவிச்சி அம்மாவின் கையும் உயர்ந்தது. வாசலில் என்னைக் கடந்து போனபோது, "நான் கை தூக்காட்டில் என்னையும் கலைச்சிருப்பினம். பிறகு ஆர் பை கொண்டு போறது?" என்றார். அந்தத் தாள்களெல்லாம் அடுத்த பிரசவத்துக்குச் சுடுதண்ணீர் வைக்க எரிந்தன.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட வாசலில் மானம்கெட்டுப்போய் நின்றேன். மற்ற ஆசிரியர்கள் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். மணி அடிக்கும் நேரம், நெஞ்சோடு புத்தகங்களை அணைத்தபடி ஓவசியர் ஐயாவின் மூத்த மகள் உள்ளே நடந்து போனாள். எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. சோதனையில் அவள் முதலாம் பிரிவில் தேறினாள்.

மருத்துவிச்சி அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன. அந்தப் பெண் படிப்பித்து, தலைமை ஆசிரியையாகி, இன்று தலை நரைத்த மனுஷி. சென்ற மாதம் ஒரு கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாஸ்ரர், எங்கடை ஐயா சாகுமட்டும் உங்களை மன்னிக்கேல்லை. உங்கடை பேரை எடுத்தாலே எழும்பிப் போயிடுவார். அந்தப் பக்கத்திலை அப்பிடி என்னதான் கிடந்தது? இப்பவாவது சொல்லுங்கோவன்."

நாற்பது வருடமாக நான் கள்ளன் என்று நம்பியும், என் பக்கத்தில் வந்து உட்கார மனம் வைத்த பிள்ளை. சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"அச்சுப் பிழை, பிள்ளை" என்றேன்.

"நூறு பிரதியிலையுமோ?"

"ஓம். நூறிலையும்."